அரசுத் தொலைக்காட்சியில் அரசையே கேலி செய்தவர்

புதுதில்லி: இந்தியத் தொலைக்காட்சி நகைச்சுவையின் வரலாற்றில் அக்டோபர் 25 துயரம் தோய்ந்த நாளாக அமைந்துவிட்டது. "யே ஜோ ஹை ஜிந்தகி" தொடரில் வாரந்தோறும் வெவ்வேறு வேடம் ஏற்று நாட்டையே சிரிக்க வைத்த சதீஷ் ஷா, 2025-ஆம் ஆண்டு இதே நாளில் தமது 74-ஆவது வயதில் மும்பையில் காலமானார். அதற்குச் சரியாகப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2012 அக்டோபர் 25 அதிகாலையில், பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் மாவட்டத்தில் உள்ள ஷாகோட் அருகே நிகழ்ந்த கார் விபத்தில் ஜஸ்பால் பட்டி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 57.

இருவருமே தூர்தர்ஷன் வளர்த்த நகைச்சுவை நடிகர்கள். ஆனால், இருவரின் பாதைகளும் வேறு. சதீஷ் ஷா பிறர் எழுதிய பாத்திரங்களுக்கு உயிரூட்டிய நடிகர். ஜஸ்பால் பட்டியோ தாமே எழுதி, தாமே இயக்கி, தாமே நடித்தார். அவர் கையில் எடுத்தது குடும்பத்துக்குள் நடக்கும் கலகலப்பு அல்ல. அரசு அலுவலகத்தின் மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடப்பவை. லஞ்சம், சிபாரிசு, போலி ரசீது, காலதாமதம் ஆகியவற்றை மத்திய அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்த தொலைக்காட்சியிலேயே அவர் கேலி செய்தார். அதுவும் ஒரு சீக்கியர் தலைப்பாகையுடன் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் சென்று சிரிக்க வைப்பது எளிதாக இல்லாத ஒரு காலகட்டத்தில் செய்தார்.

மின் பொறியாளர்

ஜஸ்பால் பட்டி 1955 மார்ச் 3-ஆம் தேதி அமிருதசரஸில் பிறந்தார். சண்டீகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்தார். ஆனால், மின்சாரத்தைவிட மேடையே அவரை அதிகம் ஈர்த்தது. கல்லூரி நாள்களில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் தொடங்கிய அமைப்புக்கு "நான்சென்ஸ் கிளப்" என்று பெயர். "அபத்தர் மன்றம்" என்று தமிழில் சொல்லலாம். தெருமுனைகளில் நாடகம் போடுவதே அதன் வேலை. அவற்றின் கருப்பொருள் பெரும்பாலும் ஊழல். சிறிய கூட்டம், குறைந்த செலவு, அன்றைய செய்தித்தாளில் வந்த விஷயம் என்று அங்கே பழகிய முறையை அவர் கடைசி வரை கைவிடவில்லை.

தொலைக்காட்சிக்கு வருமுன் சண்டீகரிலிருந்து வெளியாகும் "தி டிரிப்யூன்" நாளிதழில் அவர் கேலிச்சித்திரக்காரராக இருந்தார். அவரது நகைச்சுவையைப் புரிந்துகொள்ள இந்தத் தகவல் முக்கியமானது. கேலிச்சித்திரக்காரருக்குக் கிடைப்பது ஒரு சிறு கட்டம் மட்டுமே. அதற்குள் அன்றைய பிரச்னையைச் சொல்லி முடிக்க வேண்டும், விளக்க இடமில்லை. பின்னாளில் தொலைக்காட்சியில் சில நிமிடங்களுக்குள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும் லாகவம் அவருக்கு இங்கிருந்தே வந்திருக்க வேண்டும்.

ஒரே அலைவரிசைக் காலம்

இன்றைய இளைஞர்களுக்கு அந்தக் காலத்தை விளக்கித்தான் ஆக வேண்டும். 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1982-இல்தான் உண்மையில் நாடு தழுவியதாக மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று தேசிய ஒளிபரப்பு தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சிறு நகரங்களிலெல்லாம் குறைந்த சக்தி ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன.

1984-இல் "ஹம் லோக்" தொடர் வந்தது. அதே ஆண்டு, எழுத்தாளர் சரத் ஜோஷியின் எழுத்தில் "யே ஜோ ஹை ஜிந்தகி" வந்தது. ஆர்.கே. லட்சுமணின் பாத்திரப் படைப்பில் "வாக்லே கி துனியா", ஓம் புரி நடித்த "காக்காஜி கஹின்", ரகுவீர் யாதவ் நடித்த "முங்கேரிலால் கே ஹசீன் சப்னே" ஆகியவை 1980-களின் பிற்பகுதியில் தொடர்ந்தன. நடுத்தர வர்க்கத்தின் அன்றாடம் சின்னத்திரையில் முதன்முறையாகச் சிரிப்புக்கு உரியதாயிற்று.

ஆயினும், தூர்தர்ஷன் அரசின் துறைகளில் ஒன்றாகவே இருந்தது. அதற்குத் தன்னாட்சி அளிக்கும் பிரசார் பாரதி சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1990-இல்தான். அது நடைமுறைக்கு வந்தது 1997-இல். 1980-களின் இறுதியில், போஃபர்ஸ் விவகாரம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சிச் செய்திகள் பிரதமர் ராஜீவ் காந்தியின் நிகழ்ச்சி நிரலாகவே இருப்பதாக எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. தூர்தர்ஷனுக்கு "ராஜீவ் தர்ஷன்" என்று பட்டப் பெயரும் சூட்டப்பட்டது. அந்தத் தூர்தர்ஷனில்தான் ஜஸ்பால் பட்டி நுழைந்தார்.

காலை நேரத் தலைகீழ்

அவருக்கு முதலில் கிடைத்தது காலை ஒளிபரப்பில் சில நிமிடங்கள். 1987 பிப்ரவரியில் தூர்தர்ஷன் காலை நேர ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் புறப்படும் அவசரத்தில் இருந்த நேயர்களுக்காகப் பல துண்டு நிகழ்ச்சிகள் அதில் இடம்பெற்றன. அவற்றில் ஒன்று ஜஸ்பால் பட்டியின் "உல்ட்டா புல்ட்டா". தலைகீழ் என்பது அதன் பொருள்.

ஒரு பகுதிக்கு ஒரே ஒரு கருத்து. முகத்தில் சிரிப்பில்லாமல், ஓர் அரசு அறிவிப்பைப் படிப்பவர்போல, அபத்தத்தை அவர் தீவிரமாகச் சொல்வார். உடல் குலுக்கல், கூச்சல், வேடிக்கை உடை எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு சர்தார்ஜி ஒருவர் தம் குறையைச் சொல்வதுபோல இருக்கும். நாட்டின் பல மாநிலங்களில் மக்கள் அவர் முகத்தை அடையாளம் கண்டுகொண்டது இந்தச் சில நிமிடங்களால்தான்.

பத்தே பகுதிகள்

1989-இல் ஒளிபரப்பான "ஃபிளாப் ஷோ" அவரது பெயரை நிலைநிறுத்தியது. தோல்வியடைந்த நிகழ்ச்சி என்று தொடருக்கே பெயர் வைத்தவர் அவர். இயக்கம் என்று போட வேண்டிய இடத்தில் "தவறான இயக்கம்" என்று தம் பெயரைப் போட்டுக்கொண்டார். மனைவி சவிதா பட்டி தயாரிப்பாளர். தொடரில் அவரே பட்டியின் மனைவியாகவும் நடித்தார். விவேக் ஷவுக், பி.என். சர்மா போன்ற பஞ்சாப் நாடக நடிகர்கள் உடன் நடித்தனர். மும்பையின் அரங்கங்களோ நட்சத்திரங்களோ இல்லாமல், சண்டீகரை மையமாகக் கொண்டு குறைந்த செலவில் தயாரான தொடர் அது.

மொத்தம் பத்தே பகுதிகள்தான் வெளிவந்தன. இன்றைய நெடுந்தொடர்கள் ஆயிரம் பகுதிகளைத் தாண்டும் நிலையில், பத்துப் பகுதிகள் மட்டுமே வந்த ஒரு தொடர் 35 ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவில் நிற்பது சாதாரண விஷயமல்ல.

ஒவ்வொரு பகுதியும் ஒரு தொழில் அல்லது ஒரு துறை சார்ந்தது. தொடக்கத்தில், அந்தப் பகுதி யாருக்குச் சமர்ப்பணம் என்று பணிவோடு ஓர் அறிவிப்பு வரும். யாரைக் கேலி செய்யப் போகிறாரோ அவர்களுக்கே சமர்ப்பணம். ஆராய்ச்சிப் பட்டம் பெற வந்த மாணவரைத் தம் வீட்டு வேலைக்காரராக ஆக்கிக்கொள்ளும் பேராசிரியர் ஒரு பகுதியில் வந்தார். மருத்துவச் செலவை அரசிடமிருந்து திரும்பப் பெறுவதற்காகப் பொய் ரசீது தயாரிக்கும் ஊழியர்கள் இன்னொன்றில் வந்தனர். தொலைபேசி இணைப்புக்கும் பழுதுநீக்கத்துக்கும் ஊழியரின் கருணையை எதிர்பார்த்து நிற்கும் குடும்பம், கட்டட ஒப்பந்ததாரரும் பொறியாளரும் சேர்ந்து செய்யும் மோசடி, அலுவலகக் கூட்டங்களின் வெற்றுச் சடங்கு, விழாவுக்குத் தலைமை விருந்தினர் தேடும் அமைப்பாளர்களின் அவஸ்தை என்று பட்டியல் நீண்டது. தொலைக்காட்சித் தொடர் தயாரிக்க முயல்பவரின் பாட்டைச் சொல்லும் பகுதியும் உண்டு. தமக்கு இடம் கொடுத்த ஊடகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிரபல ஹிந்தித் திரைப்பாடல் மெட்டில் அமைந்த கேலிப் பாட்டு ஒன்றும் ஒவ்வொரு பகுதியிலும் இடம்பெறும்.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. மேலே இருக்கும் அமைச்சர் கெட்டவர், கீழே இருக்கும் குடிமகன் நல்லவர் என்ற எளிய கணக்கு அவரிடம் இல்லை. பொய் ரசீது கொடுக்கும் ஊழியரும் நடுத்தர வர்க்கத்தவர்தான்; அதைப் பார்த்துச் சிரிக்கும் நேயரும் அதே வர்க்கத்தவர்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குற்ற உணர்வும் கலந்திருந்தது. பல பகுதிகளில் மோசடிக்காரராக நடித்தவர் ஜஸ்பால் பட்டியே. முதல் கல்லைத் தம்மீதே எறிந்துகொண்டதால், அடுத்த கல்லை எறியும் உரிமையை நேயர்கள் அவருக்கு மனமுவந்து கொடுத்தனர். அரசுத் தொலைக்காட்சியில் அந்தத் தொடர் வெளிவர முடிந்ததற்கும் இதுவே ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லாமல், எல்லோருக்கும் தெரிந்த நோயை மட்டும் அவர் காட்டினார்.

சர்தார்ஜி ஜோக்குக்குப் பதில்

இந்தத் தொடர் வெளிவந்த ஆண்டுகளின் பஞ்சாப் நிலவரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1984 ஜூனில் அமிருதசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவ நடவடிக்கை. அக்டோபர் 31-ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி தமது சீக்கிய மெய்க்காப்பாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த நாள்களில் தில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசு அமைத்த அஹுஜா குழு 1987-இல் கணக்கிட்டது. 1987 மே மாதம் முதல் 1992 பிப்ரவரி வரை பஞ்சாபில் குடியரசுத் தலைவர் ஆட்சி. பேருந்துகளிலிருந்து பயணிகளை இறக்கிச் சுட்டுக் கொன்ற செய்திகளும், மோதல் சாவுச் செய்திகளும் நாளிதழ்களின் முதல் பக்கத்தை நிறைத்த காலம் அது. தலைப்பாகையும் தாடியும் கொண்ட ஒரு முகம் செய்திகளில் தோன்றினால், அது பெரும்பாலும் அச்சத்தோடு தொடர்புடைய செய்தியாகவே இருந்தது.

இன்னொரு பக்கம், சர்தார்ஜி ஜோக்குகள் நாடெங்கும் பரவியிருந்தன. தமிழ் வார இதழ்களும் அவற்றை வெளியிட்டன. அறிவில் குறைந்தவராக ஒரு சமூகத்தையே சித்திரிக்கும் அந்தத் துணுக்குகளை எழுதியவர்களும் படித்தவர்களும் அதில் தவறு இருப்பதாக நினைத்ததில்லை. ஆக, வட இந்தியாவுக்கு வெளியே வாழ்ந்த ஒருவரின் மனத்தில் சீக்கியர் பற்றி இரண்டு பிம்பங்களே இருந்தன. ஒன்று, பயத்துக்குரியவர்; மற்றொன்று, பரிகாசத்துக்குரியவர்.

ஜஸ்பால் பட்டி இந்த இரண்டையும் மறுத்தார். அதற்காக அவர் ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. அவரது தொடரில் சீக்கியர், ஜோக்கில் வருபவர் அல்ல, ஜோக் சொல்பவர். அவர் சொன்னது தம் சமூகத்தைப் பற்றியும் அல்ல. நாட்டின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொதுவான தொலைபேசி, மின்சாரம், மருத்துவ ரசீது பற்றி. பேராசிரியராகவும் அதிகாரியாகவும் ஒப்பந்ததாரராகவும் அவர் தலைப்பாகையுடனே வந்தார். அந்தத் தலைப்பாகை எங்கும் கேலிப்பொருள் ஆகவில்லை. சமூக நல்லிணக்கம் பற்றி அரசு தயாரித்த எத்தனையோ விளம்பரப் படங்கள் சாதிக்காத ஒன்றை, சண்டீகரில் எடுக்கப்பட்ட இந்தச் சிறு தொடர் அமைதியாகச் சாதித்தது. வேறு பல சாதனைகள் அவர் பெயரில் உள்ளன. ஆனால், காலம் நன்றியோடு நினைக்க வேண்டியது இதைத்தான்.

மீனாட்சிபுரம் வரை

தில்லியிலிருந்து கிளம்பிய அந்த ஒளிபரப்பு எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குத் தென்கோடியின் எல்லைப் பகுதிகளே அளவுகோல். கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் ரயில் பாதையில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்திருப்பது மீனாட்சிபுரம். இப்பகுதியிலும் இடுக்கி மாவட்டத்தின் எல்லை வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து மலையாள ஒளிபரப்பு 1985-இல் தொடங்கியது. ஆனால், எந்த நிலையமாக இருந்தாலும் இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தில்லியின் தேசிய ஒளிபரப்புக்கு இடம்விட வேண்டும். தமிழருக்கும் மலையாளிக்கும் ஒருசேர அன்னியமான ஹிந்தியில் அது வரும்.

மொழி அரைகுறையாகப் புரிந்த நேயர்களுக்கும் ஜஸ்பால் பட்டியின் நகைச்சுவை எட்டியதற்குக் காரணம், அதன் சூழல் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்ததே. அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரின் முகபாவத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. எல்லைப்புற மக்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். வீட்டில் ஒரு மொழி, அரசு விண்ணப்பத்தில் இன்னொரு மொழி என்பது அவர்களது அன்றாடம். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் பகுதிகளில் அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்திருக்கிறது. சட்டத்தில் இருப்பது ஜன்னலுக்கு அப்பால் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே என்பது எந்த மாநிலத்துக் குடிமகனுக்கும் உள்ள கவலை. ஜஸ்பால் பட்டி தொட்டது அந்தக் கவலையைத்தான்.

தமிழுக்கு இந்த வகை நையாண்டி புதிதும் அல்ல. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிரிப்பின் ஊடே சீர்திருத்தம் பேசினார். சோ ராமசாமி 1968-இல் மேடையேற்றிய "முகமது பின் துக்ளக்" நாடகம் 1971-இல் திரைப்படமானது. 1970-இல் தொடங்கிய "துக்ளக்" இதழ் அவரது அரசியல் கேலிக்கு நிரந்தர மேடையாயிற்று. 2021-இல் மறைந்த நடிகர் விவேக், மூடநம்பிக்கையையும் லஞ்சத்தையும் திரைப்பட நகைச்சுவையின் பொருளாக்கி "சின்னக் கலைவாணர்" என்று பெயர் பெற்றார். இந்த வரிசையோடு ஒப்பிட்டால் ஜஸ்பால் பட்டியின் இடம் தெளிவாகும். சோவிடம் இருந்த கட்சி அரசியல் விமர்சனம் இவரிடம் குறைவு; விவேக்குக்குக் கிடைத்த பெரிய திரை இவருக்கு முதலில் இல்லை. அரசின் ஒரே அலைவரிசைக்குள் நின்றுகொண்டு பேச வேண்டிய கட்டாயமே இவரது பாணியை உருவாக்கியது.

தெருவுக்கு வந்த கேலி

தொலைக்காட்சியில் பெயர் கிடைத்த பிறகும் அவர் தெரு நாடகத்தை விடவில்லை. ஹவாலா வழக்கு தில்லி அரசியலை உலுக்கிய 1990-களின் நடுப்பகுதியில் "ஹவாலா கட்சி" என்ற பெயரில் ஒரு கேலிக் கட்சியைத் தொடங்கினார். உலகப் பொருளாதார நெருக்கடியின் தாக்கம் இந்தியாவில் உணரப்பட்ட 2009-இல் "மந்தநிலைக் கட்சி" வந்தது. இவை தேர்தலில் வெல்வதற்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. கட்சிகளின் நடைமுறையைக் கட்சி வடிவிலேயே நடித்துக் காட்டுபவை.

அதே 2009-இல், பருப்பு விலையும் காய்கறி விலையும் ஏறிக்கொண்டிருந்தபோது, சண்டீகரில் அவரது நான்சென்ஸ் கிளப் ஒரு கண்காட்சி நடத்தியது. திருவிழாக்களில் பொம்மைகளையும் சோப்புகளையும் வைத்து வளையம் எறியச் சொல்வார்கள் அல்லவா? இவர் அந்த இடத்தில் பருப்பையும் காய்கறியையும் சமையல் எண்ணெயையும் வைத்தார். வளையம் சரியாக விழுந்தால் பொருள் பரிசு. விலைவாசி பற்றி அன்று நாடாளுமன்றத்தில் நடந்த விவாதங்கள் மறந்துபோயின. அந்த வளையங்கள் நினைவில் நிற்கின்றன.

பெரிய திரையும் தனியார் அலைவரிசைகளும்

1990-களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்ததும் தொலைக்காட்சியின் முகம் மாறியது. தூர்தர்ஷனில் "ஃபுல் டென்ஷன்", பின்னர் தனியார் தொலைக்காட்சியில் "தேங்க் யூ ஜீஜாஜி" போன்ற தொடர்களை ஜஸ்பால் பட்டி அளித்தார். ஆனால், "ஃபிளாப் ஷோ" பெற்ற இடத்தை அவை பெறவில்லை. அதற்கு அவரது திறமையைக் குறை கூற முடியாது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த காலம் முடிந்துவிட்டது. விளம்பரதாரரைச் சார்ந்த தனியார் அலைவரிசைகளுக்கு அரசு அலுவலக நையாண்டியைவிட மாமியார்–மருமகள் கதைகளே லாபம் தந்தன. நகைச்சுவை, போட்டி நிகழ்ச்சிகளின் வடிவம் பெற்றது. அவற்றுக்கும் அவர் நடுவராகச் சென்றார். 2008-இல் மனைவி சவிதாவுடன் "நச் பலியே" நடனப் போட்டியிலும் பங்கேற்றார்.

திரைப்படங்களில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேடங்கள். "ஆ அப் லௌட் சலேன்" (1999), "ஃபனா" (2006) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. "ஃபனா"வில் அவர் ஏற்ற ஜாலி குட் சிங் பாத்திரம் பலருக்கு நினைவிருக்கும். அவரது சொந்த முத்திரை பதிந்த படம், 1999-இல் பஞ்சாபியில் அவர் இயக்கிய "மாஹௌல் டீக் ஹை". நிலைமை நன்றாக இருக்கிறது என்பது தலைப்பின் பொருள். பஞ்சாப் காவல்துறையைக் கேலி செய்த படம் அது. தீவிரவாதத்தின் காயங்கள் முழுமையாக ஆறாத, காவல்துறை மீதான மனித உரிமை வழக்குகள் நீதிமன்றங்களில் நிலுவையில் இருந்த ஒரு மாநிலத்தில் அந்தத் தலைப்பே ஒரு விமர்சனம்தான்.

சண்டீகரை அடுத்த மொகாலியில் ஒரு பயிற்சிப் பள்ளியையும் அவர் நடத்தினார். பெண் கருக்கொலைக்கு எதிரான அசைவூட்டப் படம் ஒன்று அங்கே தயாரிக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பஞ்சாபில் ஆறு வயதுக்கு உள்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 846 பெண் குழந்தைகளே இருந்தனர் என்பதை நினைத்தால், அந்தப் பொருளை அவர் தேர்ந்தெடுத்த காரணம் விளங்கும்.

கடைசிப் பயணம்

2011 ஜனவரியில் அவரது நெடுநாள் துணை நடிகர் விவேக் ஷவுக் காலமானார். அடுத்த ஆண்டு, தம் மகன் ஜஸ்ராஜை நாயகனாக வைத்து "பவர் கட்" என்ற பஞ்சாபிப் படத்தை ஜஸ்பால் பட்டி இயக்கினார். மின்வெட்டைப் பற்றிய நையாண்டிப் படம். மின் பொறியியல் படித்தவர், வாழ்நாள் முழுவதும் அரசுச் சேவைகளின் குறைபாடுகளைப் பேசியவர் எடுக்க வேண்டிய படம்தான் அது. காலமும் பொருந்தி வந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின் தொகுப்பு அடுத்தடுத்து செயலிழந்து, ஜூலை 31 அன்று நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் வாழும் மாநிலங்கள் இருளில் மூழ்கியிருந்தன. ரயில்கள் நடுவழியில் நின்றன. தில்லி மெட்ரோவும் நின்றது.

படம் அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை வெளியாவதாக இருந்தது. அதற்கான விளம்பரப் பயணத்தில் பஞ்சாப் நகரங்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோதுதான், வியாழக்கிழமை அதிகாலையில் ஷாகோட் அருகே அவர் பயணம் செய்த கார் மரத்தில் மோதியது. மகன் ஜஸ்ராஜும் படத்தின் நாயகி சுரிலி கௌதமும் காயமடைந்தனர். ஜஸ்பால் பட்டி உயிரிழந்தார். அறிவித்தபடியே மறுநாள் படம் வெளியானது.

2013-இல் மத்திய அரசு அவருக்கு, மறைவுக்குப் பின், பத்மபூஷண் விருதை அறிவித்தது. அதே பட்டியலில், அதே முறையில், ஹிந்தித் திரையுலகின் உச்ச நட்சத்திரமாக இருந்த ராஜேஷ் கன்னாவின் பெயரும் இருந்தது. அரசு அலுவலகங்களின் காலதாமதத்தை ஆயுள் முழுவதும் கேலி செய்தவருக்கு, அரசின் விருதும் அவர் போன பிறகே வந்து சேர்ந்தது.

2014 மக்களவைத் தேர்தலில் சண்டீகர் தொகுதிக்கு ஆம் ஆத்மி கட்சி சவிதா பட்டியை வேட்பாளராக அறிவித்தது. ஆனால், அவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

இன்று அவர் இருந்தால்

ஜஸ்பால் பட்டி மறைவதற்கு ஒரு மாதம் முன்பு, 2012 செப்டம்பரில், ஊழலுக்கு எதிராக வரைந்த கேலிச்சித்திரங்களுக்காக அசீம் திரிவேதி என்ற இளைஞர் தேசத் துரோகக் குற்றச்சாட்டில் மும்பையில் கைது செய்யப்பட்டார். 2025 மார்ச்சில், மேடை நகைச்சுவையாளர் குணால் காம்ரா பேசிய கருத்துகளுக்காக, நிகழ்ச்சி படமாக்கப்பட்ட மும்பை அரங்கம் தாக்கப்பட்டது; அவர் மீது வழக்குகளும் பதிவாயின. முந்தைய சம்பவத்தின்போது மகாராஷ்டிரத்தில் ஆட்சியில் இருந்த கூட்டணி வேறு. பிந்தைய சம்பவத்தின்போது இருந்த கூட்டணி வேறு. கேலியைப் பொறுத்துக்கொள்வதில் கட்சிகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை என்பதையே இவை காட்டுகின்றன.

அந்தக் காலம் இன்றைவிடச் சுதந்திரமானது என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே அலைவரிசை, அதுவும் அரசின் கையில். என்ன ஒளிபரப்ப வேண்டும் என்பதை அதிகாரிகளே முடிவு செய்தனர். இன்றோ கையில் கைப்பேசி உள்ள எவரும் நையாண்டி செய்யலாம். வாய்ப்பு பெருகியிருக்கிறது, ஆனால், தம் கட்சியை, தம் சமூகத்தை, தம் தொழிலைக் கேலி செய்யும்போது சிரித்துவிட்டுப் போகும் நேயர் குறைந்திருக்கிறார்.

"ஃபிளாப் ஷோ"வின் பத்துப் பகுதிகளும் இணையத்தில் இன்னும் பார்க்கப்படுகின்றன. தொலைபேசி இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நிலைமை இன்று இல்லை; 1995 ஜூலையில் கைப்பேசி வந்தது, காத்திருப்போர் பட்டியல் மறைந்தது. அந்தப் பகுதி இன்று பழங்கதை. ஆனால், ஆராய்ச்சி மாணவரின் பகுதியையும் ஒப்பந்ததாரரின் பகுதியையும் பார்க்கும் இளைஞர்கள் அவற்றைப் பழங்கதையாக நினைப்பதில்லை. தம் கேலி வெகு விரைவில் காலாவதியாக வேண்டும் என்பதே எந்த நையாண்டிக் கலைஞனும் விரும்பக்கூடியது. பத்துப் பகுதிகளில் ஒன்று காலாவதியாகிவிட்டது. மீதமுள்ளவை இன்னும் சிரிக்க வைக்கின்றன என்பதில் பெருமை ஜஸ்பால் பட்டிக்கு; வெட்கம் நமக்கு.